ஒரு டஜன் பச்சை வளையல்

1

ஆடிப்பூரத்துக்கு நைனா அனுப்பும் வளையல் பார்சல் இந்த வருஷமும் வந்து சேர்ந்தது. நான் ஸ்வீடனுக்கு வந்து பதினாலு வருஷம், பதினாலு பார்சல். அனுப்புகிற என் அப்பா செஞ்சி பஜாரில் வளையல் கடை வைத்திருக்கிறவர். அவருக்கு இது பெரிய காரியம் இல்லை. வாங்குகிற எனக்குத்தான் வருஷா வருஷம் பாடு.

இந்த ஊர் சுங்கக்காரர்களுக்கு வளையல் என்றால் என்னவென்று விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். கண்ணாடிப் பொருள், இருபத்து நாலு எண்ணிக்கை, உபயோகம் என்ன என்று கடிதம் வரும். கையில் போடுவது என்று பதில் எழுதினால், ஒரு கைக்கு எத்தனை என்று அடுத்த கடிதம். பன்னிரண்டு என்று எழுதியதற்கு ஒரு வருஷம், அப்படியானால் இது வியாபாரச் சரக்கு என்று முடிவுகட்டி வேறொரு படிவத்தை அனுப்பினார்கள். இந்தத் தடவை போட்டோ கேட்டார்கள். போன வருஷத்து வளையலைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டேன். அதுவும் பச்சை, இதுவும் பச்சை. ஆடிப்பூரத்துக்குப் பச்சையைத் தவிர வேறு எதையும் நைனா அனுப்பியதே கிடையாது.

ஆடி முடிந்து, பள்ளிக்கூடம் திறந்து, சாவகாசமாகப் பார்சல் கைக்கு வந்தது. பிரித்தால் என் டஜனில் பச்சை நாலுதான். அஞ்சு கருநீலம், மூணு மெரூன். என் மகள் கயல்விழிக்கு வந்த டஜனும் அதே கதம்பம். அளவு மட்டும் அச்சு. எனக்கு ரெண்டு நாலு, அவளுக்கு ரெண்டு ரெண்டு. எடுத்து உருட்டிப் பார்த்தேன், ஒன்றுகூடக் கீறல் இல்லை.

கயலுக்குப் பதின்மூணு வயசு. எட்டு வயசுக்கு அப்புறம் தாத்தா அனுப்பிய வளையல் எதையும் அவள் தொட்டதில்லை. இந்தத் தடவை பார்த்ததும், தாத்தா ஸ்டைலாக அனுப்பியிருக்கிறார் என்று சொல்லிக் கையில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டாள். அவளுக்கு அது புது ஃபேஷன். நான் பார்சல் அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பார்சல் மேலே முகவரி அம்மாவின் கையெழுத்தில் இருந்தது என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். எப்போதும் நைனாதான் எழுதுவார், பெரிய பெரிய எழுத்தில், பேனா அட்டையை ஓட்டை போடுகிற அளவுக்கு அழுத்தி.

2

எங்கள் கடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெரிய கடையெல்லாம் இல்லை. ரெண்டு பேர் நின்றால் மூணாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். சுவர் முழுக்கக் கம்பி, கம்பி முழுக்க வளையல். மேல்சித்தாமூரிலிருந்து பெண்கள் கூட்டமாக வேன் பிடித்து வருவார்கள், பனமலைப் பக்கத்திலிருந்து வளைகாப்புக்கு மொத்தமாக எடுக்க வருவார்கள். கோட்டை பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் வெயிலுக்கு ஒதுங்கி, விலை மட்டும் கேட்டுவிட்டுப் போவார்கள். அவர்களுக்கும் நைனா எழுந்து நின்றுதான் பதில் சொல்வார்.

அந்தக் கடையில் ரெண்டு வார்த்தைக்கு இடமே கிடையாது. ஒன்று, "இல்ல". கேட்ட சரக்கு கைவசம் இல்லாவிட்டால் "வரும்மா, வெள்ளிக்கெழம வந்துரும்" என்பார். வெள்ளிக்கிழமை வராது என்பது அவருக்கும் தெரியும், கேட்ட அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் அந்த அம்மா சந்தோஷமாக வேறு ஒரு டஜன் வாங்கிக்கொண்டு போவாள். ரெண்டாவது, "உடஞ்சிடுச்சு". வளையல் உடைந்தால் உடைந்தது என்று வாயால் சொல்லக் கூடாது, அபசகுனம். "அதிகமாயிடுச்சு" என்று சொல்ல வேண்டும். நாலு வயசில் நான் ஒரு பெட்டியையே கவிழ்த்துவிட்டு, நைனா, எல்லாம் அதிகமாயிடுச்சு என்று அழுதேனாம். அதைச் சொல்லிச் சொல்லியே என் கல்யாணம் வரைக்கும் சிரித்தார்கள்.

நைனா வளையலைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் பார்ப்பதுதான் அதிகம். ஒரு டஜனை ரெண்டு விரலில் கோத்து ஒரு உருட்டு உருட்டுவார். கலகல என்றால் சரி. நடுவில் ஒன்று மொத்தென்று கேட்டால் கீறல். பேசிக்கொண்டே அதை மட்டும் உருவித் தனியாகப் போட்டுவிடுவார். எதிரில் நிற்கிற பெண்ணின் கையை ஒரு தரம் பிடித்துப் பார்த்தால் போதும், அளவு சொல்லிவிடுவார். இப்போது நினைத்தால் அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் எங்களை ஏமாற்றியிருக்கிறது.

3

வளையல் கடைக்காரர் பெண்ணுக்குக் கையில் வளையல் போட முடியாத வேலை. தூசிக்குத் தடை போட்ட அறையில், தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பில் மூடிக்கொண்டு செய்கிற வேலை. வளையல், பவுடர், மை எதுவும் உள்ளே போகக் கூடாது. வெறுங்கையோடு வீடியோவில் வராதே என்று அம்மா இன்றைக்கும் திட்டுவாள்.

உள்ளே நாங்கள் செய்வதும் ஒரு வகையில் வளையல்தான். சிலிக்கான் தட்டின் மேல் கண்ணாடி போன்ற ஒரு படலத்தை வளர்த்து, அதில் வளையங்களைச் செதுக்குகிறோம். ஒரு வளையம் கடுகுக்குள் அடங்கும். பக்கத்திலேயே ஒரு மெல்லிய பாதை வழியாக லேசர் ஒளியை விட்டால், ஒளி அந்த வளையத்துக்குள் புகுந்து வெளியே வராமல் லட்சக்கணக்கான தடவை சுற்றும். சுற்றச் சுற்ற உள்ளே வெளிச்சம் சேர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில், ஒரே நிறமாகப் போன ஒளி பல நிறமாகப் பிரிந்து, சீப்பின் பல் மாதிரி வரிசையாக வெளியே வரும். துல்லியமான கடிகாரத்துக்கு, தகவல் அனுப்ப, இன்னும் என்னென்னவோ செய்ய அது உதவும். நாங்கள் விடுகிற லேசரும் அந்தச் சீப்பும் கண்ணுக்குத் தெரியாத ஒளி. ஆனால் வளையம் நன்றாக அமைந்துவிட்டால், சில சமயம் மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது வளையமே பச்சையாக எரியும். கண்ணுக்குத் தெரியாத ஒளி உள்ளே சுற்றிச் சுற்றிப் பச்சையாகிவிடுகிறது. முதல் தடவை பார்த்த அன்று நான் நைனாவுக்குத்தான் போன் போட்டேன்.

எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப நீயும் வளையல் யாவாரத்துக்குத்தான் போயிருக்க. எனக்கு ஒருநாள் அந்தப் பச்சைய காட்டு பாப்பா" என்றார். காட்டறேன் நைனா, வரும் என்றேன். அவர் பெண் இல்லையா நான்.

அந்த வாய்தான் முதல் வருஷத்தில் என்னைக் கவிழ்த்தது. படலம் தடிமனாக வளர வளர அதற்குள்ளேயே இழுவை ஏறும். கொஞ்சம் அசந்தால் ஓரத்திலிருந்து கீறல் ஓடும். அப்புறம் ஆயிரத்து இருநூறு டிகிரி உலையில் மணிக்கணக்காகச் சுட வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை என் தட்டு ஒன்றில் ஓரமாக முடி மாதிரி ஒரு கீறல் பார்த்தேன். அதே நேரம் பக்கத்து மேஜை லேனா, என்னோடு அதே உலையைப் பயன்படுத்துகிறவள், தட்டெல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். உடைந்தது என்று சொல்ல நாக்கு எழவில்லை. வந்துகொண்டிருக்கிறது, ரெண்டு நாளில் வந்துவிடும் என்றேன். அவளும் நம்பித் தன் ஆறு தட்டையும் என்னுடையதோடு உலையில் அடுக்கினாள். சூட்டில் என் தட்டின் படலம் செதில் செதிலாக உரிந்து அவள் தட்டுகள் மேலெல்லாம் கொட்டிவிட்டது. அவளுடைய மூணு மாச வேலை போச்சு. உலையைச் சுத்தம் செய்ய மூணு வாரம்.

லேனா கத்தவில்லை. எப்போ பார்த்தாய் என்று மட்டும் கேட்டாள். வெள்ளிக்கிழமை என்றேன். இன்றைக்குப் புதன்கிழமை என்றாள். அவ்வளவுதான். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அடுத்த வாரம் கதவில் ஒரு சிவப்புத் தாள் தொங்கியது. எது உடைந்தது, எப்போது பார்த்தாய், யார் பார்த்தது என்று மூணு கட்டம். முதல் வரியை எழுதியவள் நான்தான். இன்றைக்கு அந்தத் தாளுக்குப் பொறுப்பும் நான்தான். புதிதாக வருகிறவர்களுக்கு என்னைப் பார்த்தால் பயம், ஏனென்றால் எதைக் கேட்டாலும் முகத்துக்கு நேராக "இல்லை" என்று சொல்கிறவள் என்று பெயர் எடுத்துவிட்டேன். செஞ்சி பஜாரில் சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

4

பார்சல் வந்த அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டேன். நைனாவுக்குக் கண் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கண்ணுக்கு இன்னா, நல்லாத்தான் இருக்குது என்றாள். சர்க்கரை? அதுவும் நல்லா இருக்குதாம். வளையல் ஏன் மூணு நிறத்தில் வந்தது என்றேன். இப்போ அதுதான் நாகரீகம் என்றாள். சாப்டியா, அங்க குளிர் ஆரம்பிச்சிடுச்சா என்று பேச்சை மாற்றினாள்.

கயல் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்வீடிஷில் ஏதோ வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல், "வீடியோ கால்ல எத்தன விரல்னு கேட்டா தெரிஞ்சிடுமே" என்றாள். அது எனக்கும் தெரியாதா? வீடியோ போட்டால் கொஞ்ச நாளாக மின்விசிறிதான் தெரிகிறது. போனைச் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை என்று அம்மா சொல்ல, நானும் சிரித்துக்கொண்டே விட்டிருக்கிறேன். கயலிடம் அப்புறம் பார்க்கலாம் என்றேன். "நீ பாக்கலாம்னா இல்லைன்னு அர்த்தம், அது எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள். வேலையில் விட்ட பழக்கத்தை வீட்டில் விடவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. செஞ்சிக்கு எப்போ போகிறோம் என்று மூணு வருஷமாக இந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது கேட்பதையே விட்டுவிட்டாள்.

அன்றைக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்து தொலைத்தது. போன வருஷம் கடைசியில், லேனா என் வளையத்தின் பச்சையை வீடியோ எடுத்துக் கொடுத்தாள். உடனே நைனாவுக்கு அனுப்பினேன். "அருமயா இருக்குது பாப்பா, இன்னா பச்ச, அப்பிடியே நாத்தங்கால் பச்ச" என்று போனில் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தேகமாக இருக்கவே இப்போது பழைய செய்திகளைத் தேடி அந்த வீடியோவைத் திறந்தேன்.

அவசரத்தில் வேறு வீடியோவை அனுப்பியிருக்கிறேன். லேசர் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க வேறு கேமராவில் எடுத்தது. முழுக்கக் கறுப்பு வெள்ளை. அதில் பச்சை ஒரு பொட்டுகூட இல்லை.

சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். முடியில் ஆயிரத்தில் ஒரு பங்கே இருக்கிற கீறலைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள், பெற்ற தகப்பனுக்குக் கண் போனதை எட்டு ஒன்பது மாசமாகக் கவனிக்கவில்லை.

5

பத்து நாள் லீவு கிடைத்தது. கயலுக்குப் பள்ளிக்கூடம், அவளைப் பார்த்துக்கொள்ள அவள் அப்பா, அதனால் நான் மட்டும். கிளம்புகிற அன்று லேனாவிடம் ஒரு சிப் வேண்டும் என்றேன், வளையங்கள் செதுக்கிய சின்னத் துண்டு. நல்ல சிப்பை வெளியே கொண்டுபோக அனுமதி கிடையாது. ஒதுக்கிவைத்த பெட்டியிலிருந்து ஒன்று எடுத்துக் கொடுத்தாள். அதற்கும் ஒரு படிவம். எதற்காக என்ற இடத்தில், அப்பாவுக்குக் காட்ட என்று எழுதினேன். அவள் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

விழுப்புரத்தில் பஸ் மாறி செஞ்சியில் இறங்கும்போது காலை பதினோரு மணி. வீட்டுக்குப் போகாமல் பெட்டியை இழுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன். கூட்டம் இல்லை. நைனா வழக்கமான இடத்தில், வழக்கமான வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு அம்மா. பெட்டிச் சக்கரத்தின் சத்தத்துக்குத் தலையைத் திருப்பி, "வாம்மா, இன்னா வேணும்" என்று எழுந்து நின்றார். நேராக என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான்தான் நைனா என்றதும் தடுமாறிவிட்டார். அப்புறம் ஒரே சந்தோஷம். வெயில் கண்ணைக் கூசுகிறது, அதனால்தான் தெரியவில்லை என்றார். வெயில் அவர் முதுகுப் பக்கம் இருந்தது. டீ சொல்லச் சொன்னார், பிரயாணம் எப்படி என்றார், பேத்தியை ஏன் கூட்டி வரவில்லை என்றார். வளையல் பிடித்ததா என்று அவரே கேட்டார். இந்த வருஷம் தன் கையாலேயே எடுத்துக் கட்டினாராம், அம்மா வருவதற்கு முன்னாலேயே. எந்தக் கம்பியில் என்ன நிறம் என்று அவருக்கு மனப்பாடம். முந்தின நாள் கூட்டமாக வந்தவர்கள் எடுத்துப் பார்த்துக் கம்பி மாற்றிப் போட்டுவிட்டுப் போனது மட்டும் அவருக்குத் தெரியாது.

நான் அந்தச் சிப்பை எடுத்து அவர் கையில் வைத்தேன். கை உறை இல்லாமல் ஒருவரும் அதைத் தொடக் கூடாது. என் மேலதிகாரி தொட்டால்கூடக் கத்தியிருப்பேன். நைனா கட்டைவிரலால் நாலு ஓரத்தையும் தடவிக்கொண்டே வந்தார். ஜோரா இருக்குது, வழுவழுன்னு இருக்குது, உள்ளே வளையம் எல்லாம் தெரியுது என்றார். மூணாவது ஓரத்தில் விரல் நின்றது. திரும்பவும் அதே இடத்தைத் தடவினார். அங்கேதான் அது உடைந்திருந்தது.

இதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அது உடைஞ்சது நைனா," என்றேன். "நல்லது எதையும் வெளிய விட மாட்டாங்க. உடைஞ்சதத்தான் எடுத்தாந்தேன்."

அந்தக் கடைக்குள் அந்த வார்த்தையை யாரும் அப்படிப் பச்சையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா பதறி, வாயக் கழுவுடி என்றாள். நைனா கையைக் காட்டி அவளை நிறுத்தினார். சிப்பை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். தெருவில் ஒரு டவுன் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

"எனக்கும் கண்ணு இல்ல பாப்பா," என்றார். "வலது சுத்தமா இல்ல. எடது, புகையாட்டம் கொஞ்சூண்டு இருக்குது."

எழுபத்திரண்டு வயசில் அவர் அந்த இடத்தில் உட்கார்ந்து சொன்ன முதல் "இல்ல" அதுதான் என்று நினைக்கிறேன். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எப்போ தெரிந்தது நைனா என்று கேட்டேன். லேனாவின் கேள்வி அது, என் வாயில் தானாக வந்தது. போன கார்த்திகையிலேயே தெரிந்துவிட்டதாம். சொன்னால் நான் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவேனாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அப்போது பார்த்து ரெண்டு பெண்கள் வந்து வளைகாப்புக்கு வளையல் கேட்டார்கள். நைனா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நிறத்தை நான் எடுத்துக் கொடுத்தேன். அளவையும் கீறலையும் அவர் பார்த்தார்.

6

மறுநாளே பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனேன். பரிசோதித்த டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண், ஆனால் ஒளிவுமறைவு இல்லாமல் பேசினாள். சர்க்கரையால் வந்தது, வலது கண்ணுக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை. இடது கண்ணில் போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற லேசர் வைத்துப் பார்க்கலாம், ஆறு மாசம் முன்னால் வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் என்றாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். லேசர் என்றதும் நைனா என் பக்கம் திரும்பி, உன் லேசரா என்று கேட்டார். அதுக்குத் தூரத்துச் சொந்தம் என்றேன். அந்த நிலைமையிலும் சிரித்தார்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் இடத்தை என் விரலால் தொட்டுக் காட்டினேன். போட்டார். பெரிய எழுத்து, அதே அழுத்தம். மருந்து விட்டு உள்ளே கூட்டிப்போனார்கள். நானும் அம்மாவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அம்மா என் வெறுங்கையைப் பார்த்தாள், தன் கையிலிருந்து ரெண்டு வளையலைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டாள். நானும் மறுக்கவில்லை.

அரை மணி கழித்து நர்ஸ் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. வலிக்கிறதா என்றால் இல்லையென்று தலையை ஆட்டினார். பக்கத்தில் உட்காரவைத்ததும் என் கையைத் தேடிப் பிடித்தார். புதுசாக இருந்த வளையலை விரலால் ஒரு சுற்று சுற்றினார்.

"பச்சையா வந்துது பாப்பா," என்றார். "வெட்டி வெட்டி, அப்பிடியொரு பச்ச. நீ சொன்ன பச்ச அதானா?"

நான் என் வளையத்தில் பார்க்கும் பச்சையும் அந்த இயந்திரத்துப் பச்சையும் பக்கம் பக்கம்தான், ஆனால் ஒன்று கிடையாது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். இத்தனை வருஷத்துக் கடனும் தீர்ந்திருக்கும். அவர் முகத்தைப் பார்த்தேன். இந்த முகத்திடம் இனிமேல் அப்படிப் பேசுவதில்லை என்று நேற்றுத்தான் முடிவு செய்திருந்தேன்.

"இல்ல நைனா," என்றேன். "கிட்டத்தட்ட அதுதான். ஆனா அது இல்ல."

கொஞ்சம் யோசித்தார். நீர் வழிகிற கண்ணோடு, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

"அப்ப வரும்னு சொல்லு," என்றார்.

"வரும் நைனா," என்றேன்.

கயலுக்கு அங்கிருந்தே போன் போட்டு, டிசம்பர் லீவுக்கு ரெண்டு பேருக்கும் டிக்கெட் எடுக்கப்போவதாகச் சொன்னேன். நிஜமாகவா என்று ரெண்டு தரம் கேட்டாள். நான் திரும்பி வந்துவிட்டேன், அந்தச் சிப் இப்போதும் நைனாவிடம்தான் இருக்கிறது. கல்லாப்பெட்டி மேல் தட்டில் வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுகிறாராம். ஓரத்தைத் தொடச் சொல்லி, இங்க உடஞ்சிருக்குது பாருங்க என்கிறாராம்.